பனி உண்டோ என்று கேட்ட சிஸ்டர்

எழுபதுகளில் சில வருஷம் நான் மூணாறில் ஒரு கிறிஸ்தவ மிஷனுக்கு ஜீப் ஓட்டினேன். பாலக்காட்டில் அத்தாவின் மளிகைக் கடையில் அண்ணன் தம்பிகள் எல்லோருக்கும் நிற்க இடமில்லை. என்னிடம் லைசென்ஸ் இருந்தது. பள்ளிவாசலுக்குப் போகிற பையன் கன்னியாஸ்திரிகளுக்கு வண்டி ஓட்டலாமா என்று கடைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். "வண்டிதானுங்களே ஓட்டறான்" என்று அத்தா சொன்னார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாட்டுப்பட்டிக்கு மேலே, எஸ்டேட்டில் நிரந்தர வேலை கிடைக்காத தமிழ்க் குடும்பங்கள் சரிவுகளில் கிழங்கும் கோசும் போட்டுப் பிழைத்தார்கள். மழை பிடித்துக்கொண்டால் அவர்களுக்குக் கூலியும் இல்லை, விளைச்சலும் இல்லை. பால்பொடி, கோதுமை, கம்பளி, மருந்துப் பெட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு நானும் ஒரு சிஸ்டரும் போவோம். அவர் கோட்டயம் பக்கத்துக்காரர், நர்ஸ் படித்தவர், மலைக்குப் புதிது. எனக்கு அக்கா வயது இருக்கும். தமிழ் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார்.

ஒரு ஆடி மாதம், அதுவரை போகாத ஒரு குடியிருப்புக்குப் போனோம். ஜீப் நின்றதும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. காரணம் எங்களுக்குப் புரியவில்லை. கடைசி வீட்டு வாசலில் மட்டும் ஒரு பெண் நின்றாள். சிஸ்டர் அவளிடம் போனார். நான் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தேன். போன வேகத்தில் சிஸ்டர் திரும்பி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"ஆ குட்டிக்கு எப்போழும் பனியாணு! காட்டவும் மாட்டேங்குறா."

என்ன கேட்டீர்கள் என்றேன். 'குட்டிக்கு பனி உண்டோ' என்று கேட்டாராம். அந்தப் பெண் வெளியே கையைக் காட்டி, 'இங்க எப்பவும் பனிதான்' என்றாளாம்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். அவளோ மலையை மூடிக்கிடந்த பனியைக் காட்டியிருக்கிறாள். சிஸ்டருக்கு விளக்கிவிட்டு, அவளிடமும் சொல்லலாமென்று சிரித்துக்கொண்டே போனேன்.

"ஏனுங்கம்மா, சிஸ்டர் கேட்டது இந்தப் பனி இல்லீங்க. அவங்க பேச்சுல பனின்னா காய்ச்சலுங்க. புள்ளைக்குக் காய்ச்சல் இருக்குதான்னு கேட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. கதவுநிலையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "முந்தாநாள்லருந்து கண்ண முழிக்க மாட்டேங்குதுண்ணே."

உள்ளேயிருந்து அவள் புருஷன் வந்தான். மழைக்காகத் தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தான். "வாயத் தொறக்காதன்னு சொன்னேன்ல" என்று அவளை அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினான். "போயிருங்க. கம்பளி வாங்குனா பேர மாத்திப்புடுவீகளாம். புள்ளையக் கொண்டுபோயி மடத்துலயே வச்சுக்கிடுவீகளாம். எல்லாம் கேள்விப்பட்டுட்டோம்."

சிஸ்டருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் என் பின்னால் வந்து நின்றார்.

"நான் துலுக்கனுங்க" என்றேன். "அவங்க சம்பளத்துலதான் சோறு திங்கறேன். இன்னைக்கு வரைக்கும் வெள்ளிக்கிழமை தொழுகைக்கு லீவு கேட்டா குடுக்கறாங்க. எம் பேர ஒருத்தரும் மாத்தலீங்க."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு சிஸ்டரிடம் நேராகக் கேட்டான்: "புள்ளைக்கு மேல ஜெபம் பண்ணுவீகளா?"

இல்லையென்று சொல்லிவிட்டால் காரியம் முடியும் என்று நான் தவித்தேன். சிஸ்டர் பொய் சொல்லவில்லை. "பண்ணுவேன். மனசுக்குள்ள. நீயும் உன் சாமியைக் கும்பிடு. இப்போ குட்டியை எடுத்திட்டு வா, நீயும் கூட வா."

அவன் உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாலைந்து வயதுப் பெண்குழந்தை. மூச்சை இழுக்கும்போது விலாப் பக்கம் உள்ளே குழிந்தது. பின்னால் இடம் வேண்டி மூட்டைகளை மழையிலேயே இறக்கிப் போட்டுவிட்டுக் கிளம்பினோம். கைக்குழந்தை இருந்ததால் தாய் வர முடியவில்லை.

அன்று ஓட்டியதுபோல் பயந்து நான் எப்போதும் ஓட்டியதில்லை. பாதை முழுக்கச் செம்மண் சேறு. அதைவிட, என் வாக்கை நம்பித்தானே ஏறியிருக்கிறான், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற நினைப்பு. சிஸ்டர் பின் சீட்டில் குழந்தையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "பையப் போ, பையப் போ" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்ததும் நிமோனியா என்றார், ஊசி போட்டார், ராத்திரி தாண்டட்டும் என்றார். தகப்பன் வராந்தா பெஞ்சை விட்டு நகரவில்லை. மடத்துக் கஞ்சியைத் தொட மாட்டேன் என்றான். கடையில் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தேன்; அதை மறுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து டீசல் போட்டுக்கொண்டு வந்தேன். கேட்டுக்குள் நுழையும்போதே அவன் மழையில் ஓடி வந்தான். நான் பிரேக்கை மிதித்தேன்.

"அண்ணே, கஞ்சி கேட்டுச்சுண்ணே! கருவாடு வேணுமாம், கருவாடு இல்லாம குடிக்க மாட்டேங்குது!"

நான் இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். வராந்தாவில் நின்ற சிஸ்டர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். அவன் யாரைக் கும்பிடுவதென்று தெரியாமல் எங்கள் இரண்டு பேரையும் கும்பிட்டான். கருவாடு கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை அழுத அழுகை கேட் வரைக்கும் கேட்டது. அந்த அழுகையைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

குணமானதும் நாங்களே கொண்டுபோய் விட்டோம். ஜீப் நின்றதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி முகவாயைத் தொட்டு, "ஒம் பேரு என்னடி?" என்றாள். பிள்ளை எரிச்சலோடு தன் பழைய பேரையே சத்தமாகச் சொன்னது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தாய் மட்டும் எதுவும் கேட்காமல் பிள்ளையை வாங்கி, வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

நாங்கள் விட்டுப்போன மூட்டைகளை யாரோ தகரக் கொட்டகைக்குள் நனையாமல் எடுத்து வைத்திருந்தார்கள். ஒன்றும் பிரிக்கப்படவில்லை. அன்றைக்குச் சிலர் கம்பளி வாங்கிக்கொண்டார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள். சிஸ்டர் யாரையும் வற்புறுத்தவில்லை. சாயங்காலம் இறங்கும்போது முன்சீட்டிலேயே, தலை கண்ணாடியில் இடிக்க இடிக்க, அவர் தூங்கிப்போனார். நான் வளைவுகளில் வேகத்தைக் குறைத்து, மெதுவாகவே ஓட்டிக்கொண்டு வந்தேன்.