பேத்தியின் எலிகளும் என் தேத்தண்ணியும்

எனக்கு எழுபத்தி நாலு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஒருவரும் என்னைச் சோம்பேறி என்று சொன்னதில்லை. கடைசி மகனின் பெண்டாட்டிதான் சொன்னாள்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயும் விரல்களும் முழங்கால்களும் வீங்கியபடியே நின்றன. கூடவே வேறொன்றும் வந்தது. அதற்குப் பெயர் தெரியவில்லை. யாரோடும் பேசப் பிடிக்காமல் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தேன். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டுதான் நாங்கள் தேத்தண்ணி குடிப்போம். அந்தச் சீனியும் மண் மாதிரி இருந்தது. தட்டிவிட்டேன்.

மருமகளுக்கு அது திமிராகப் பட்டது. வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்.

"நடிப்புடி. நாலு பேரு வந்து தாங்கணும் பெருசுக்கு. இனி கேட்டாத்தான் தேத்தண்ணி."

"கேக்கலன்னா?"

"காயட்டும்."

நான் கேட்கவில்லை. தேயிலைத் தோட்டத்துத் துரை முன்னால் தலை குனியாதவள், இவளிடமா கேட்பேன்? மகனுக்குக் கொழும்பில் வேலை. தட்டிக்கேட்க வீட்டில் ஆளில்லை. தேத்தண்ணிக் கேத்தலை என் தலைமாட்டுக்கே கொண்டுவந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து ஊற்றிக் குடித்தாள். சோற்றுத் தட்டைக் காலால் தள்ளிவிடுவாள். பாதியை நாய் தின்றது. எழுந்து நடக்கவும் எனக்குச் சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

தீபாவளிக்கு அவள் மகள், என் பேத்தி, வந்தாள். கண்டிப் பக்கம் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவளுக்கு எலி டாக்டர் என்று பட்டப்பெயர். என் விரல்களை அழுத்திப் பார்த்தாள். நாய் நக்கிய தட்டையும் பார்த்தாள்.

"அம்மா, நாங்க எலிக்கு ஊசி போட்டு ஒடம்புக்குள்ள அழற்சி வர வெப்போம். காய்ச்சல், வீக்கம் மாதிரி. அப்புறம் கூட்டுல ரெண்டு போத்தல் வெப்போம். ஒண்ணுல சும்மா தண்ணி, ஒண்ணுல சீனித்தண்ணி. நல்ல எலி சீனித்தண்ணிக்குத்தான் ஓடும். ஊசி போட்டது ஓடாது, சுருண்டு கெடக்கும். அது நடிக்குதாம்மா?"

"எலியும் ஒங்க அப்பாயியும் ஒண்ணாடி?"

"ஒண்ணுன்னு சொல்ல முடியாது. மனச்சோர்வு எல்லாமே இதனால வர்றதும் இல்ல. ஆனா ஒடம்பு இப்பிடி வீங்குனா மனசும் விழலாம். டாக்டர் பாக்கணும்."

"பாத்துட்டு? கொழுந்து பறிக்கப் போகப் போகுதா?"

பல நாளைக்குப் பிறகு நான் வாய் திறந்தேன். "அந்த எலிய கடைசில என்னடி பண்ணுவீங்க?"

பேத்தி தயங்கினாள். "மயக்கம் குடுத்து கொன்னுருவோம் அப்பாயி. மூளைய எடுத்துப் பாக்கணும்."

"யாரு கொல்றது?"

"நான்தான்."

"அழுவியா?"

"மொதல்ல அழுதேன். இப்ப கை பழகிருச்சு."

மருமகள் சிரித்தாள். "கேட்டீங்களா மாமி? இவகிட்டத்தான் வைத்தியம் பாக்கப் போறீங்க."

"கொல்லப்போற எலிக்குத் தண்ணி வெப்பியாடி?"

"கடைசி வரைக்கும் வெக்கணும் அப்பாயி. அதுதான் சட்டம்."

"ஒங்கம்மா அந்தச் சட்டம் படிக்கல போல."

மருமகள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

பண்டிகை முடிந்ததும் பேத்தி என்னைப் பஸ்ஸில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மூட்டுக்கு மருந்து கொடுத்தார்கள். தூக்கத்தையும் மனசையும் பற்றிக் கேட்க இன்னொரு டாக்டர் இருந்தார். அவரும் மாத்திரை எழுதினார். வீக்கம் மெல்ல வடிகிறது. மனசு சில நாள் எழும்புகிறது, சில நாள் எழும்புவதில்லை. செத்த எலிகளுக்காக நான் வருத்தப்படவில்லை. வருத்தப்படும் அளவுக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

மருமகள் இப்போது கேட்காமலே தேத்தண்ணி வைக்கிறாள். "நோயாம். டாக்டரே சொல்லிட்டாராம்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்கிறாள். டாக்டர் சொல்லும்வரை நான் நடிகை. அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன்.

எழுத்துக் கூட்டிக் கூட்டி இவ்வளவும் எழுதினேன். பேத்தி லீவில் வந்திருக்கிறாள். தாளைக் கையில் கொடுத்தேன். வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் படிக்கப் பார்த்தாள்.

"வாசிடி. வாய்க்குள்ள இல்ல. அடுப்படியில நிக்கிறவளுக்குக் கேக்குற மாதிரி வாசி."