ஆதம்பாவா கழிக்காத கதை

ஆதம்பாவா மௌத்தான செய்தி வந்தபோது நான் சாய்ந்தமருதில் ஒரு தேநீர்க் கடையில் இருந்து வீரம் பேசிக்கொண்டிருந்தேன். அஸர் தொழுது முடிந்த நேரம். காரைதீவிலிருந்து வரும் வழியில் பொலிஸார் மறித்து நின்றதையும், எதிரே வந்த இருபது பேருக்கு நான் லைட் அடித்து, பொலிஸில் மாட்டாமல் காப்பாற்றியதையும் கடை முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். இருபது இல்லை, மூன்று பேர். அதற்குள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி 'இன்னா லில்லாஹி' என்று தொடங்கியது. மோட்டார் சைக்கிள் திருத்துகிற ஆதம்பாவா, கடற்கரை வீதியில், விபத்தில். கையிலிருந்த பிளேன்டீ மடியில் கொட்டியது. சுட்டதாக நினைவில்லை.

அவருடைய நினைவு மலருக்கு எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். எட்டாம் வகுப்புடன் நின்றவன் என்றாலும், கையில் பேனை கிடைத்தால் மௌலவிமாரும் என்னிடம் சொல் கடன் கேட்பார்கள். இதைப் படித்திருந்தால் ஆதம்பாவா சிரித்திருப்பார். நாற்பது வருடப் பழக்கம். நான் எந்தக் கதையைத் தொடங்கினாலும், எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி, "செல்லு மச்சான், செல்லு. நான் அரைவாசியக் கழிச்சிட்டுத்தான் கேட்கன்" என்பார். சுனாமியன்று நான் ஒன்பது பேரைத் தூக்கி வெளியே போட்டேன் என்றபோது மட்டும் கழிக்கவில்லை. "நீ தப்பினதே போதும்டா" என்றார். உண்மையில் நான் தூக்கியது ஒரு கிழவரை. அவரும் பாதி வழி என்னைத்தான் இழுத்துக்கொண்டு ஓடினார்.

ஹெல்மெட் விடயத்தில் அவர் ஊருக்கே பைத்தியக்காரர். வீட்டிலிருந்து கடைக்கு ஐந்து நிமிட ஓட்டம். அதற்கும் தலையில் போட்டு, பட்டியை இழுத்து மாட்டிய பிறகுதான் இயந்திரத்தை உதைப்பார். நாங்களெல்லாம் பொலிஸ் நிற்கிற இடம் வரைக்கும் அதை முழங்கையில் கொழுவிக்கொண்டு போகிற ஆட்கள். ஒரு நாள் என்னை நடுவீதியில் மறித்தார்.

"மச்சான், உன்ட மூளை முழங்கையிலயா இரிக்கி?"

"எல்லாம் அல்லாஹ்ட காவல் மச்சான். பாரத்த அவன்ட மேல போட்டு தவக்குல் வெச்சிட்டன்."

"முதல்ல பட்டியப் போடு. புறகு தவக்குல் வை."

இன்னொரு நாள், திருத்தக் கொடுத்த வண்டியை எடுக்க ஒருவன் வந்தான். நடுப்பகல் லுஹருக்கு முன்பே வாயில் வாடை. எங்கள் ஊரில் இந்த வாடையை எல்லாருடைய மூக்கும் அறியும், ஒருவருடைய வாயும் சொல்லாது. ஆதம்பாவா வண்டித் திறப்பைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "பைக் சரி. ஓட்டுற ஆள்தான் இன்னம் ரிப்பேர். நாளைக்கி வா" என்றார். அவன் தூஷணம் கொட்டினான். நான் பெரிய மனிதனாக இடையில் புகுந்து, "விடு மச்சான், ஊர் ஆள், வீட்டுக்குத்தானே போறான்" என்றேன். ஆதம்பாவா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இவன் வீட்டுக்குப் போறான். எதுக்க வாறவன் எங்க போறது?"

அந்தக் கேள்வியை அன்று நான் ஏதோ பகிடி சொல்லிச் சமாளித்தேன்.

லைட் அடிப்பது நம் பக்கத்து வழக்கம். முன்னால் பொலிஸ் நின்றால், எதிரே வருகிறவனுக்கு விளக்கை இரண்டு தரம் வெட்டிக் காட்டுவோம். அவன் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டு ஒரு குறுக்கு வீதிக்குள் இறங்கிவிடுவான். ஹெல்மெட் இல்லாதவனா, லைசன் இல்லாதவனா, குடித்தவனா என்று நாங்கள் பார்ப்பதில்லை. உதவி என்றே நினைத்தோம். இதில் ஊரிலேயே கெட்டிக்காரன் நான்தான் என்று பெருமை வேறு.

காரைதீவிலிருந்து வந்த அன்று நான் காப்பாற்றிய மூன்றாவது ஆள், பின்னால் நீலநிற மீன்பெட்டி கட்டிய ஒருவன். கையை நன்றாகத் தூக்கிச் சலாம் காட்டினான். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து எழும்பியது. பாரம் கூடிவிட்டது என்று நினைத்துச் சிரித்தேன். அவன் கடற்கரைப் பக்கம் இறங்கினான்.

செய்தி கேட்டு ஓடிப் போனபோது அந்த நீலப் பெட்டி கடற்கரை வீதியில் இரண்டாக உடைந்து கிடந்தது. ஆதம்பாவா வீதியின் தன் பக்கத்தில், மெதுவாகத்தான் வந்திருக்கிறார். அடி நெஞ்சில். ஹெல்மெட்டில் ஒரு கீறலும் இல்லை. பட்டி மாட்டியபடியே இருந்தது. மற்றவன் கால் முறிந்து உயிரோடு இருக்கிறான். அவன் பெயரை எழுத மாட்டேன். அவன் குடித்த குற்றத்துக்கு அவன் பதில் சொல்லட்டும். ஆனால் நான் லைட் அடிக்காமல் விட்டிருந்தால் அவன் நேரே போய்ப் பொலிஸில் மாட்டியிருப்பான், குடியைப் பிடிக்கிற பலூனை ஊதியிருப்பான், வண்டி ஸ்டேஷனில் கிடந்திருக்கும். ஆதம்பாவா அஸருக்குப் பள்ளிக்குப் போயிருப்பார்.

அடக்கம் செய்த மையவாடியில் எல்லாரும் "நஸீபு, அவருக்கு எழுதினது அவ்வளவுதான்" என்றார்கள். வாடையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. மூன்று பிடி மண் போட்டேன், எந்தக் கையால் விளக்கை வெட்டினேனோ அந்தக் கையைச் சாரத்து மடிப்பில் ஒளித்துக்கொண்டு.

பத்தாம் நாள் அவருடைய மனைவி ஜெஸீமாவிடம் போனேன். கணவனை இழந்தவள் அனுசரிக்கும் இத்தாவில் இருப்பதால் திரைக்குப் பின்னால் இருந்தாள். திரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு, "காக்கா, இதுல எவ்வளவு கழிக்கணும்?" என்று கேட்டாள்.

"ஒன்டும் இல்ல தங்கச்சி."

"பட்டி போட்டிருந்தாரா?"

"ஓம். போட்டிருந்தார்."

"அப்ப அவரு பக்கத்துல பிழையில்ல" என்றாள். என்னைப் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. நான் எழுந்து வந்தேன்.

அவரை அறிந்தவர்களே, இதை எழுதுவதால் யாரும் திரும்பி வரப்போவதில்லை. இப்போதும் பிரதான வீதியில் விளக்குகள் வெட்டிக்கொண்டுதான் இருக்கின்றன; நேற்றும் எனக்கு ஒருவன் லைட் அடித்தான். நன்றிக்குக் கையைத் தூக்க முடியவில்லை. ஆதம்பாவாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய ஒரு கேள்வி மட்டும்தான்: எதுக்க வாறவன் எங்க போறது? மச்சான், எதுக்க வந்தது நீதான். என் வாழ்நாளில் ஒன்றும் கூட்டாமல் நான் சொன்ன ஒரே கதை இதுதான். இதை அரைவாசியாக்கித் தர நீ இல்லை.