புட்டியில் ஒட்டிய பெயர்

என் மேசையில் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி இருக்கிறது. உள்ளே விரல் நீளத்தில் ஒரு பழுப்பு மரப்பட்டை. நாக்கில் வைத்தால் மிளகைப் போல உறைக்கும். புட்டியில் ஒட்டியிருக்கும் பெயர் எந்தத் தாவரவியல் நூலிலும் இல்லை. தேடித் தோற்றவள் நான்தான்.

உகண்டாவின் கம்பாலாச் சந்தையில் விற்கும் மருந்துப் பட்டைகளைப் பற்றி ஆய்வு செய்கிறேன், சிட்னியில் உட்கார்ந்தபடி, கூரியரில் வரும் பட்டைப் பைகளை வைத்துக்கொண்டு. அதனால், தடுப்பு முகாமில் இருந்த யாழ்ப்பாணத்து அங்கிளைப் பார்க்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து மேசையில் இருந்த உகண்டா அன்ரி அதே சந்தையில் இருபது வருடம் பட்டை விற்றவர் என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த வாரமே கேள்விகளோடு போய் நின்றேன். அங்கிள் சிரித்தார். "பிள்ளை, நீ ஆளைப் பாக்க வந்தனியோ, சோதினை வைக்க வந்தனியோ?"

அன்ரி ஏழு பட்டைகளின் பெயரைச் சொன்னார். விசா விசாரணையிலும் அந்த ஏழு பெயரையும்தான் சொல்லியிருந்தார். அப்படி மரமே இல்லை, ஆகவே இவர் வியாபாரியும் இல்லை, கதை முழுக்கப் பொய் என்று முடிவாகியிருந்தது. மேல்முறையீட்டுக்காக அந்தப் பெயர்களைச் சரிபார்த்து அறிக்கை தரமுடியுமா என்று அவருடைய வழக்கறிஞர் கேட்டபோது துள்ளிக்கொண்டு ஒப்புக்கொண்டேன். நாலு நாள் தேடினேன். ஏழில் ஒன்றுகூட அகப்படவில்லை.

முகாமின் பார்வையாளர் அறையில் போய் அவரிடமே அதைச் சொன்னேன். திறக்காத சன்னல், தரையோடு பூட்டிய கதிரைகள். அன்ரி மெல்லிய ஆங்கிலத்தில் சொன்னது என் காதில் இப்படித்தான் தங்கியிருக்கிறது: "சந்தையில ஆரும் உண்மைப் பேர் சொல்லமாட்டம், மகள். எந்த மரம் எண்டு தெரிஞ்சா அடுத்தமுறை வாங்கிறவங்களே போய் வெட்டிக்கொள்ளுவாங்கள்."

"அதுக்காக, விசாரிச்ச அதிகாரியிட்டயுமா?"

"வாங்கிற ஆளுக்கே சொல்லமாட்டம். அவர் ஒண்டும் வாங்கேல்லையே."

கம்பாலாவில் அதே கடையில் இப்போது அவருடைய தங்கை இருக்கிறாள், மூன்று பிள்ளைகளோடு. உண்மைப் பெயர்கள் என் ஆய்வில் அச்சேறினால் அந்தக் கடை போகும். சொல்லாவிட்டால் அன்ரிக்கு இந்த அறைதான். பட்டைகளைக் கொண்டுவா, கண்ணை மூடிக் கடித்தே எது எந்த நோய்க்கு என்று சொல்கிறேன், அதைப் பார்த்து எழுது என்றார். பட்டைகளை உள்ளே கொண்டுபோக அனுமதி கிடைக்கவில்லை.

மூன்றாவது வாரம், என் முகத்தைப் பார்க்காமல் ஏழு மரங்களின் உண்மைப் பெயரையும் சொன்னார். "வழக்குக்கு மட்டும். உன்ரை புத்தகத்துக்கு இல்லை." ஏழும் நூல்களோடு பொருந்தின, அவர் சொன்ன மணமும் உறைப்பும்கூட என் பைகளில் இருந்த பட்டைகளோடு ஒத்துப்போயின. துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அறிக்கை போய் எட்டு மாதமாகிறது. பதில் இல்லை. அன்ரி அதே கதிரையில். அந்த ஏழு பெயர்களும் இல்லாமல் உன் அத்தியாயம் நிற்காது என்று என் ஆய்வு மேற்பார்வையாளர் ஒவ்வொரு சந்திப்பிலும் சொல்கிறார். போன ஞாயிறு அன்ரி விசாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அச்சடிச்சிட்டியோ?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்றேன். வீட்டுக்கு வந்ததும், புட்டியில் இருந்த சரியான பெயரைக் கிழித்துவிட்டு, அவர் முதல்நாள் சொன்ன பொய்ப் பெயரை எழுதி ஒட்டினேன். அந்த அதிகாரியைப் போல நானும் அவரிடம் ஒன்றும் வாங்கியதில்லை.