பெண்ணுக்கு எந்தத் தேதி?

எங்கள் பக்கம் முகூர்த்தம் குறிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டு ஒரு கேள்வி கேட்பாள். பெண்ணுக்கு எந்தத் தேதி? மணவறையில் உட்காருகிற அன்றைக்கு மாதவிலக்கு வந்துவிடக் கூடாதில்லையா, அதற்காக. எனக்கு அந்தச் சவத்துத் தேதியே கிடையாது. நாலு மாசம் வராது, வந்தால் இருபது நாள் நிற்காது.

இது அம்மாவுக்கும் தெரியும். போன வருஷம் பாளையங்கோட்டைக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனதே அவள்தான். ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வராந்தாவில் நடந்தேன். சினைப்பை நீர்க்கட்டி என்றார் டாக்டரம்மா. மாத்திரை சாப்பிடு, எடையைக் குறை, தினமும் நட, பிள்ளையே பிறக்காது என்று எவராவது சொன்னால் நம்பாதே என்றார். கல்லிடைக்குறிச்சிக்குத் திரும்புகிற பஸ்ஸில் அம்மா என் காதுக்குள் சொன்னது ஒன்றுதான். "கேட்டா வயித்துவலின்னு சொல்லு. மூச்சு விடாத."

அன்றிலிருந்து நடக்கிறேன். விடிந்ததும் ஆற்றுப்பாலம் வரை, பள்ளிக்கூடம் விட்டு வந்து இன்னொரு தடவை. தாடையில் முளைக்கிற முடியை வாராவாரம் பிடுங்குகிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணில் பட்டுவிடுமோ என்று கரும்பலகையைப் பார்த்தபடியே கணக்கு நடத்துகிறேன். எதற்கெடுத்தாலும் எரிச்சல்.

தை மாசம் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை துபாயில். பத்துக்கு எட்டுப் பொருத்தம். அந்தக் கேள்வி வந்ததும் அம்மா முழிக்கக்கூட இல்லை. அஞ்சாம் தேதி என்றாள், ரேஷன் கார்டு நம்பர் சொல்வதுபோல. அதை நம்பி அவர்கள் இருபதாம் தேதிக்கு நாள் குறித்துவிட்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மாவோடு சண்டை போட்டேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணணும்னு சும்மாவா சொன்னாவ என்றாள். ஆயிரத்தையும் சொல்லிவிட்டு நீ இங்கே இருப்பாய், அங்கே போய் வாழப்போவது நானில்லையா?

மாப்பிள்ளை நம்பரை நிச்சயத்துக்கு அப்புறம்தான் தருவார்களாம். மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். நாலாவது நாள் அவருடைய அம்மாவுக்கே போன் போட்டேன்.

"அத்தை, அம்மா சொன்ன தேதி பொய். எனக்கு நீர்க்கட்டி இருக்கு. வைத்தியம் பாக்கேன்."

கோபமில்லாமல்தான் கேட்டாள், உங்க அம்மா ஏன் மறைச்சா என்று. பயந்துட்டா என்றேன்.

"எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரமே தரகர் வந்தார். ஜாதகம் சரியில்லையாம். எட்டுப் பொருத்தமும் எங்கே போயிற்றோ! அம்மா என்னோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை மட்டும் டங்கென்று வைப்பாள். எனக்கும் அழுகைதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

போன வாரம் வேறொரு வீட்டிலிருந்து போன். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஆமா, ஆமா என்று பேசிக்கொண்டே வந்த அம்மா சட்டென்று நின்றாள். அந்தக் கேள்விதான் என்று புரிந்தது. எழுந்து நின்றுவிட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு போனை என் கையில் கொடுத்து, "நீயே சொல்லுட்டி" என்றாள்.