இரைச்சல் நின்ற பிறகு

அம்மாவை அடக்கம் செய்த நாளில் எனக்கு அழுகை வரவில்லை. கிட்டார் வாசித்தேன்.

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், எங்கள் ஹாலில் சவப்பெட்டி இருந்தது. அம்மாவோடு கொழுந்து எடுத்தவர்கள் எல்லாம் வெளியே கூடாரத்தில் நின்றார்கள். கிட்டார் சத்தத்தைக் கூட்டும் என் சின்ன ஆம்ப் ஹாலுக்கு மட்டுமே போதும் என்பதால், ரிங்லெட் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் தன்னுடைய ஆம்பைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாசலில் வைத்து, என் ஆம்பிலிருந்து ஒயர் இழுத்து இரண்டையும் இணைத்தேன். உம்மென்று ஓர் இரைச்சல் கிளம்பியது.

சவப்பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒயரைக் கழற்றினேன், மாட்டினேன். மறுபடியும் கழற்றினேன்.

"தம்பி, மூடப் போறாங்க. அம்மா மொகத்த ஒருக்கா பாத்துட்டுப் போ லா" என்றாள் அக்கா.

"எரைச்சல் நிக்கலக்கா. ஒரு நிமிஷம்."

மூடியில் திருகு இறங்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான், ஹாலிலும் வாசலிலும் தனித்தனியாகச் செருகியிருந்த இரண்டு பிளக்கையும் உருவி ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினேன். இரைச்சல் நின்றது. எல்லாரும் பாடினார்கள்.

"தம்பி இல்லன்னா வெளிய நின்னவங்களுக்குப் பாட்டே கேட்டிருக்காது" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். நான் தேநீரைக் குடித்துக்கொண்டிருப்பேன்.

பத்து வருஷமாகச் சர்ச்சில் வாசிக்கிறேன். இரண்டு ஆம்புக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்டு கொடுத்தால் அந்த இரைச்சல் நின்றுவிடும் என்று எனக்கு முதல் நிமிஷமே தெரியும்.