அலமாரிக்குள் வைத்த மண்டையோடு

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சந்தேகப் பிராணிகள். அப்பா தபாலில் வரும் கடிதத்தை உடைப்பதற்கு முன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே எத்தனை தாள் இருக்கிறது என்று பார்ப்பார். அம்மா மலிவு விலை எழுதித் தொங்கவிட்ட கடைப் பக்கமே போக மாட்டார். அதில் ஏதோ பழுது இருக்கிறது என்பார். இந்த இருவருக்கும் பிறந்த நான் பத்து வயதில் துப்பறியத் தொடங்கியதில் யாரும் வியப்படையத் தேவையில்லை.

பாரிஸில் லா சப்பல் மெட்ரோவுக்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. மாமா முன்னறை சோபாவில் படுப்பார். காலையில் ரூ காய் என்ற தெருவில் ஒரு மரக்கறிக் கடைக்குப் பெட்டி இறக்கப் போவார். மற்ற நேரமெல்லாம் வீட்டில்தான். எங்கள் ஆட்கள் யாரும் வீட்டு மணியை அடிப்பதில்லை. கீழே வந்து நின்று போன் எடுப்பார்கள், நாங்கள் போய்த் திறப்போம். ஆகவே மணி அடித்தால் வந்திருப்பவர் அந்நியர். அப்போது அம்மா டிவியை நிறுத்தி, என்னை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்துவார். மணி அடித்தவர் அலுத்துப் போய் இறங்கிய பிறகுதான் என்னை வெளியே விடுவார். எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அந்த ஆண்டு, பிள்ளைகள் பேய் வேடம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டு வரும் ஹலோவீன் அன்று, கட்டடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கென்று அப்பாவை அரித்துப் பிடுங்கி ஒரு பெரிய பை இனிப்பு வாங்கியிருந்தேன். அதை வாசலுக்குப் பக்கத்திலிருந்த கோட் அலமாரியின் அடியில், சூட்கேசுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். நாளுக்கொரு தடவை எண்ணியும் பார்த்தேன். அது குறைந்துகொண்டே வந்தது. முதல் நாள் மூன்று, பிறகு ஒன்றுமில்லை, பிறகு ஒரேயடியாக ஐந்து. அதுவும் நான் பள்ளிக்கூடம் போன நாட்களில்.

முதலில் அம்மாவைச் சந்தேகித்தேன். ஆனால் அம்மாவுக்குப் பல்வலி. பிறகு, தொங்கிக்கொண்டிருந்த அப்பாவின் குளிர்கோட்டுப் பைக்குள் கைவிட்டபோது, நான்காக மடித்த இனிப்புத் தாள்கள் அகப்பட்டன. அப்பாவுக்குச் சீனி வருத்தம். வீட்டில் தேநீருக்கே அவருக்குச் சீனி கிடையாது. இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? உணவகத்தில் வேலை முடிந்து வருபவரைக் கட்டிப்பிடிப்பதுபோல வாயை மணந்து பார்த்தேன். வெங்காயமும் எண்ணெயும்தான் மணந்தன. பிள்ளைக்குத் தன்மீது பாசம் கூடிவிட்டது என்று அப்பா அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

அதற்கிடையில் மண்டையோடு வேலை நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நடக்கும் வகுப்பில், இருட்டானதும் தானாகக் கண் எரியும் ஹலோவீன் பொம்மை செய்வது எப்படி என்று ஒரு தாள் தந்திருந்தார்கள். மாமா ஊரில் ரேடியோ திருத்தும் கடையில் நின்றவர். தாளை ஒரு தரம் பார்த்தார். பிரெஞ்சு எழுத்து அவருக்குப் புரியவில்லை, கீறியிருந்த படம் புரிந்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு, இரண்டு சிவப்புக் குமிழ்கள், ஒரு சதுர பற்றரி, பழுதான மணிக்கூட்டிலிருந்து கழற்றிய கத்தும் சில்லு. எல்லாவற்றுக்கும் நடுவே, அவரைக்கொட்டை அளவில் நெளிகோடு போட்ட ஓர் உறுப்பு. வெளிச்சம் பட்டால் அது மின்சாரத்தைத் தன் வழியே தாராளமாக விடும், இருட்டினால் மறித்துக் கண்களின் பக்கம் திருப்பிவிடும் என்று மாமா விளக்கினார். அதை மண்டையோட்டின் மூக்கு ஓட்டைக்குள் பொருத்தினார். சூட்டுக்கோலால் ஈயத்தை உருக்கி ஒட்டும்போது அவர் நாக்கு நுனி வெளியே தெரியும். அந்த வீட்டில் அவர் சிரித்தபடி இருந்ததை அந்த நாட்களில்தான் பார்த்தேன்.

மின்விளக்கை அணைத்தோம். சிவப்புக் கண்கள் எரிந்தன, மண்டையோடு கீச்சென்று கத்தியது. நான் துள்ளினேன். வாசலில் தொங்கவிடப் போவதாகச் சொன்னேன். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா வந்தார்.

"கதவிலை ஒண்டும் தொங்கவிட வேண்டாம். போற வாற ஆக்கள் எல்லாம் எங்கடை கதவைப் பாப்பினம்."

பார்க்கத்தானே தொங்கவிடுவது என்று பிரெஞ்சில் கேட்டேன். அம்மா மின்விளக்கைப் போட்டுவிட்டுக் குசினிக்குத் திரும்பிப் போனார். அதையும் என் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

வாசலுக்கு உதவாத மண்டையோடு அலமாரிக்கு உதவும் என்று எனக்கு அன்றைக்குத்தான் பொறி தட்டியது. கள்ளனைப் பிடிக்க, இருட்டில் கத்துவது சரிவராது. வெளிச்சம் பட்டதும் கத்த வேண்டும். மாமாவிடம் போய், அலமாரியைப் பற்றி மூச்சுவிடாமல், படிக்கட்டு விளக்கை யாரும் போட்டால் கத்துகிற மாதிரி மாற்றித் தரும்படி கேட்டேன்.

"கொம்மா கதவிலை வேண்டாம் எண்டவ எல்லே?"

"நான் கேட்டு ஓமெண்டு சொல்ல வைப்பன்."

"ஓம், அப்பிடியெண்டா இந்த ரெண்டையும் இடம் மாத்திப் போட்டாச் சரி" என்று, இரண்டு நிமிடத்தில் மாற்றித் தந்தார். யாருக்காகச் செய்கிறோம் என்று தெரியாமலே செய்து தந்தார்.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியிருந்தது. மண்டையோட்டை அலமாரியின் அடியில், இனிப்புப் பைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன். அம்மா கோட் எடுக்கக் கதவைத் திறந்தாலும் சூட்கேசின் நிழல் அதன்மேல் விழுந்து காப்பாற்றும். சூட்கேசை நகர்த்தினால்தான் வெளிச்சம் படும். சூட்கேசை நகர்த்துகிறவன் கள்ளன். மூன்று தடவை சோதித்துப் பார்த்துவிட்டு, என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் மணி அடித்தது. யாரும் போன் எடுக்கவில்லை. அம்மா என்னை அறைக்குள் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் காதைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றேன். மறுபடி மணி. முன்னறையில் யாரோ வெறுங்காலோடு விரைவாக நடப்பது கேட்டது. அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. அடுத்த கணம் என் மண்டையோடு வீடு அதிரக் கத்தியது.

வெளியே பாய்ந்தேன். மாமா கோட்டுகளுக்கு நடுவே, சூட்கேசைத் தள்ளிவிட்டுக் குந்தியிருந்தார். அலமாரிக் கதவை உள்ளிருந்து இழுத்து மூடப் பார்த்தார். நான் வெளியே நின்று இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டேன். மூடினால் இருட்டாகும், இருட்டானால் சத்தம் நின்றுவிடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். "வொலேர்! வொலேர்!" என்று நான் பிரெஞ்சில் கத்தினேன். கள்ளன், கள்ளன் என்று.

மாமா மண்டையோட்டின் மூக்குக்குள் பெருவிரலை வைத்து அழுத்தினார். சத்தம் நின்றது. ஆனால் வாசலுக்கு வெளியே நின்றவர் கதவைத் தட்டத் தொடங்கிவிட்டார். ஒரு சிறுமி கள்ளன் என்று கத்தினால் யார்தான் சும்மா போவார்கள்? அம்மாவுக்குத் திறப்பதைத் தவிர வழி இருக்கவில்லை.

வந்தவர் கட்டடத்து நிர்வாகத்தின் ஆள். யன்னல் ஓரங்களில் ஈரம் கசிகிறதா என்று வீடு வீடாகப் பார்க்க வந்திருந்தார். கையில் ஒரு தாள் மட்டை. அம்மாவின் பிரெஞ்சு கடைக்குப் போதும், இப்படியானவர்களுக்குப் போதாது. பிரெஞ்சில் எதுவானாலும் நான்தான் வாய். வந்தவர் அலமாரிக்குள் இருந்து எழுந்து வந்த மாமாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, இந்த ஐயாவும் இங்கேதான் இருக்கிறாரா என்று கேட்டார்.

"இண்டைக்குத்தான் வந்தவர், பின்னேரம் போயிடுவார் எண்டு சொல்லு பிள்ளை" என்றார் அம்மா. அவருடைய குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

பொய். பச்சைப் பொய். கள்ளனைக் காப்பாற்ற என் சொந்த அம்மாவே பொய் சொல்கிறார் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பழகிய நல்ல பிரெஞ்சில் சொன்னேன். இவர் எங்கள் மாமா, இரண்டு வருடமாக எங்களோடுதான் இருக்கிறார், இந்தச் சோபாவில் படுக்கிறார், ஒவ்வொரு நாளும் இந்த அலமாரிக்குள் ஒளிந்திருந்து என் இனிப்பைத் தின்கிறார்.

வாசிக்கத் தெரியாவிட்டாலும், காதால் கேட்டால் மாமாவுக்கு அந்த அளவு பிரெஞ்சு விளங்கும். அவர் கையிலிருந்த மண்டையோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வந்தவர் சிரித்தார். மட்டையில் ஏதோ எழுதினார். யன்னல்களைத் தடவிப் பார்த்தார். போகும்போது மண்டையோடு மிக நன்றாக இருக்கிறது என்று என்னைப் பாராட்டினார்.

மாமாவுக்கு விசா இல்லை என்பதும், அவருடைய அகதி வழக்கு இரண்டு முறை தள்ளுபடியாகியிருந்தது என்பதும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். மணி அடிக்கும்போதெல்லாம் அவர் அந்த இருட்டுக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்திருக்கிறார். மூச்சுவிடவும் பயந்திருக்கும் நேரத்தில் கைக்கு அகப்பட்டது என் பை. தின்ற தாள்களை மடித்து, தலைக்கு மேல் தொங்கிய அப்பாவின் கோட்டுப் பைக்குள் போட்டிருக்கிறார். அந்த மனிதர் மட்டையில் யன்னல் ஈரத்தை எழுதினாரா, மாமாவை எழுதினாரா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. யாரும் தேடி வரவில்லை, கடிதம் எதுவும் வரவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அதைக் காத்திருந்து பார்க்கும் தைரியம் யாருக்கும் இருக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் முகம் எரிகிறது.

அன்றைக்கு அம்மா எனக்கு ஒரு சொல்லும் ஏசவில்லை. அப்பா வந்தார், இருவரும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுத்தார்கள். எனக்கு அடி விழாததே பெரிய சந்தேகமாக இருந்தது. நான் செய்தது சரி என்று ஒத்துக்கொள்ள வெட்கப்படுகிறார்கள் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் மத்தியானம் மாமா ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். பாரிஸுக்கு வெளியே, கார்ஜ் லே கொனெஸில் தெரிந்த ஒருவரின் அறையில் ஐந்தாவது ஆளாகப் போகிறார் என்று அம்மா சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா எனக்கொரு புதிய இனிப்புப் பை வாங்கி வந்திருந்தார், பழையதைவிடப் பெரியது. நான் அதை வாங்கி, நியாயம் வென்றுவிட்ட திருப்தியோடு, அவரை மன்னித்துவிட்டதாகச் சொன்னேன். இனிமேல் களவெடுக்கக் கூடாது என்றும் சொன்னேன்.

"ஓம் பிள்ளை, இனி எடுக்க மாட்டன்" என்றார்.

அவர் படியிறங்கும் சத்தம் கேட்கும்வரை அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பையைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டேன். கொஞ்ச இனிப்பு எடுத்ததற்கு வெட்கப்பட்டு ஒருவர் வீட்டை விட்டே போவதா, மாமா கொஞ்சம் கூடுதலாகத்தான் ரோசப்படுகிறார் என்று நினைத்தேன்.