சந்தன மாதாவுக்கு ஒரு டோக்கன்

தொம்மையை முதன்முதலில் பார்த்தது தச்சநல்லூர்க் கிளை நூலகத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால். மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடிப்பதற்காகப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற கூட்டம் அங்கே சீக்கிரமே வந்து நிற்கும். இதை எழுதுபவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். சித்திரை மாதத்து அந்தக் காலையில் அவர்களுக்கும் முன்னால் ஒரு குடும்பம் படியில் உட்கார்ந்திருந்தது. கறுத்து இறுகிய உடம்போடு ஒரு மனிதர், பக்கத்தில் சாப்பாட்டுப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிற ஒரு பையன், அவரிடமிருந்து இரண்டு படி தள்ளி ஒரு சிறுமி.

"எப்ப அண்ணாச்சி வந்தீய?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

"இருட்டோட வந்துட்டோம் தம்பி. நேரத்துக்கு வரலைன்னா விட மாட்டாவல்லா."

"லைப்ரரி எங்கயும் கிளம்பிப் போயிராது அண்ணாச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். தொம்மையும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று முழுசாகப் புரியாமலே. அவருக்குத் தெரிந்த காலை என்பது படகு கிளம்புகிற காலை. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகில் வேலை. விடியுமுன் கிளம்பி ராத்திரி கரை திரும்புகிற பிழைப்பு. வீட்டுக்கு வெளியே போவதென்றால் இருட்டிலேயே எழுந்துவிட வேண்டும் என்பதை அவர் உடம்பே அறிந்து வைத்திருந்தது.

நூலகர் சித்தி ஜனாபா வந்து கதவைத் திறந்தார். தேர்வுக் கூட்டம் மின்விசிறிகளுக்குப் பாய்ந்தது. தொம்மை மட்டும் வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், டோக்கன் எங்கன வாங்கணும்?"

"எதுக்கு டோக்கன்?"

"உள்ள போறதுக்கு. எத்தனை மணிக்குத் திரும்பணும்னும் போட்டுத் தந்துட்டீயன்னா..."

"இது என்ன அண்ணாச்சி, ரேஷன் கடையா?"

தூக்கம் கலைந்திருந்த பையன் சுஜின் குறுக்கே வந்தான். "டீச்சர், கடலுக்குப் போகணும்னா துறைமுகத்துல டோக்கன் போடணும். அதான் கேக்காவ."

சித்தி ஜனாபா ஒரு நிமிஷம் தொம்மையைப் பார்த்தார். பிறகு சின்னதாக ஒரு தாளைக் கிழித்து எழுதி நீட்டினார். 'மூவர் உள்ளே போகலாம். மதியச் சாப்பாட்டுக்குள் கரை திரும்பவும்.' கீழே கையெழுத்து, தேதி, நூலக முத்திரை. தொம்மை அதை மடித்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். படியில் நின்ற சிறுமி அந்தத் தாள் பைக்குள் போகிறவரை கண்ணெடுக்காமல் பார்த்தாள். அவள்தான் ஆன்லின். இரண்டாம் வகுப்பு முடித்து மூன்றாம் வகுப்புக்குப் போகிறவள். அவளுக்காகத்தான் இவ்வளவும்.

தொம்மையின் மனைவி இஞ்ஞாசியம்மாளுக்கு வண்ணார்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. பிள்ளைகளின் படிப்பும் இங்கேதான் என்று குடும்பம் தச்சநல்லூரில் ஒரு மாடி வீட்டுக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. தொம்மை சனிக்கிழமை ராத்திரி வருவார், ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்குவார், திங்கள் விடியுமுன் போய்விடுவார். சில வாரம் வரவே மாட்டார். கோடையில் மீன் முட்டையிடும் காலம் என்று விசைப்படகுகளுக்குத் தடை போடுவார்கள். அப்போது கேரளக் கடலில் தடை இருக்காது என்பதால் கொல்லத்துப் படகுகளுக்கு வேலைக்குப் போய்விடுவார். பள்ளிக்கூட விடுமுறையும் தடைக்காலமும் ஒன்றாக வருகிறது என்பதை அவர் யோசித்ததே இல்லை.

போன கிறிஸ்துமஸில் கோவில் வாசலில் ஒரு பாட்டியம்மா ஆன்லினின் கன்னத்தைத் தொட்டு, "இது யாரும்மா, உங்கூட நிக்கிறது?" என்று கேட்டாள். ஆன்லின் யோசித்தாள். "எங்க வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை வாரவங்க" என்றாள்.

பாட்டி சிரித்துவிட்டுப் போய்விட்டாள். தொம்மையால் சிரிக்க முடியவில்லை. அவள் அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஏதாவது வேண்டுமென்றால், "அண்ணே, அவங்ககிட்ட கேளு" என்று சுஜினிடம்தான் சொல்வாள். அந்தக் கோடையில் கொல்லத்துக்கு வரவில்லை என்று அவர் சொல்லிவிட்டார். தடைக்காலம் முடிவதற்குள் அவள் வாயில் ஒரு தடவை 'அப்பா' வர வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

"வீட்டுல இருந்துட்டா மட்டும் ஆச்சா? எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்றாள் இஞ்ஞாசியம்மாள். "பைசா கேக்காத இடமாப் பாத்து."

அப்படி வந்ததுதான் நூலகம்.

மறுநாள் காலை தொம்மை மாடிப்படி இறங்கப் போனபோது படியின் நடுவில் ஆன்லின் உட்கார்ந்திருந்தாள். மடியில் நாள்காட்டியில் கிழித்த பழைய தாள்கள், கையில் பென்சில்.

"டோக்கன் இல்லாமப் போகக் கூடாது" என்றாள், சுவரைப் பார்த்து.

சுஜின் நடுவில் இல்லாமல் அவள் தொம்மையிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் பைய அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். "சரிங்க ஆபீசர். ஒரு டோக்கன் போடுங்க."

"படகு பேரு?"

"சந்தன மாதா."

"ஆளு பேரு?"

"அங்கன ஆளு பேரெல்லாம் யாரு கேக்கா? வயர்லெஸ்ஸுலயும் படகு பேரைச் சொல்லித்தான் எங்களைக் கூப்பிடுவாவ."

அது ஒரு தப்பான பதில் என்பது தொம்மைக்குப் பிறகுதான் விளங்கியது. அன்றிலிருந்து ஆன்லினுக்கு அவர் சந்தன மாதா ஆகிவிட்டார். "சந்தன மாதா, தண்ணி பாட்டில் எடுத்தாச்சா?" "சந்தன மாதா, வேட்டியைத் தூக்கிக் கட்டுங்க, சகதி." சுஜின் விழுந்து விழுந்து சிரிப்பான். ஒன்றும் சொல்லாமல் இருந்தவள் இதையாவது சொல்கிறாளே என்று தொம்மை ஏற்றுக்கொண்டார்.

ரயில்வே கேட்டில் நின்று சரக்கு ரயில் முழுசாகப் போகிற வரை பார்த்தார்கள். நயினார்குளத்தின் கரையில் கொக்கு பார்த்தார்கள். நூலகத்தில் சித்தி ஜனாபா கதை படிக்கிற நாள்களில், பிள்ளைகளுக்குப் பின்னால் சம்மணம் போட்டுத் தொம்மையும் உட்கார்ந்திருப்பார். வழியெல்லாம் ஆன்லின் துறைமுகத்தைப் பற்றித் துருவிக் கேட்பாள், டோக்கன் வேலைக்கு வேண்டுமென்று.

"கேட்டா எல்லா நாளும் குடுத்துருவாங்களா?"

"காத்து பலமா அடிச்சா குடுக்க மாட்டாவ. எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது."

அவள் தலையாட்டிக்கொண்டாள்.

சிந்துபூந்துறைக்கு ஆற்றில் குளிக்கப் போன அன்றுதான் தொம்மையின் மானம் போயிற்று. படகிலிருந்து கடலில் குதிக்கிற பழக்கத்தில் கரைக்கல்லிலிருந்து ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தார். தண்ணீர் இடுப்பளவு. முழங்கால் மணலில் உரசித் தோல் பெயர்ந்தது. எழுந்து நிற்கப் போனவர் பாசியில் வழுக்கி மறுபடியும் விழுந்தார். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"கடல்காரரே! இது தாமிரபரணி, பாத்து வாரும் வே!" என்று குளித்துக்கொண்டிருந்த ஒருவர் கத்தினார்.

காலைக் கடிக்க வந்த குஞ்சு மீன்களைப் பார்த்துத் தொம்மை துள்ளினார். "இது என்ன மீனு?"

"மீன்காரருக்கே மீன் பேரு தெரியல!" என்று சுஜின் கரையிலிருந்து கூவினான்.

ஆன்லின் சிரிக்கவில்லை. தண்ணீரில் இறங்கி வந்து அவருடைய சுட்டுவிரலைப் பிடித்தாள். "அந்தக் கல்லு வழுக்கும். இங்கன காலை வைங்க. இப்ப இங்கன." ஒவ்வொரு அடியாகக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். முழங்கால் எரிந்துகொண்டிருந்தது. தொம்மைக்கு அது இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும் என்றிருந்தது.

திரும்பும்போது டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதில் ஆன்லினுக்கு எப்போதும் ஒரு மிதப்பு. நடத்துநர் பக்கத்தில் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்குச் சும்மா. எங்க அண்ணனுக்கும் எங்க அப்பாக்கும் டிக்கெட் உண்டு."

தொம்மை சில்லறையைக் கீழே சிந்திவிட்டார்.

பிறகு பல நாள் நடந்து போகிற தூரத்துக்கெல்லாம் பஸ் ஏறினார். "ஓசி இடம் பாக்கச் சொன்னா பஸ்ஸுக்குக் காசைக் கரைக்கீயளே!" என்று இஞ்ஞாசியம்மாள் சத்தம் போட்டாள். அவர் மறுநாளும் பஸ்தான் ஏறினார். நடத்துநரிடம் 'எங்க அப்பா' என்று சொல்கிற அதே வாய், அவர் பக்கம் திரும்பினால், "சந்தன மாதா, ஜன்னலை ஏத்துங்க" என்றது.

தடைக்காலம் முடிந்தது. படகுகள் மறுநாள் விடியலில் கிளம்ப வேண்டும். ஐஸ் ஏற்ற, வலை ஏற்ற என்று தொம்மை மத்தியானமே துறைமுகத்தில் இருந்தாக வேண்டும். பையோடு மாடிப்படிக்கு வந்தார். ஆன்லின் உட்கார்ந்திருந்தாள். தாள்களை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"ஆபீசர், ஒரு டோக்கன்."

"இன்னைக்குக் கிடையாது."

"ஏன்?"

"காத்து பலமா அடிக்கு."

எதிர்வீட்டு வேம்பில் ஓர் இலை அசையவில்லை. தொம்மை வேம்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். போன் அடித்தது. படகு டிரைவர்.

"கிளம்பிட்டியாலே?"

"இல்லண்ணே. காத்து. டோக்கன் போடல."

"தச்சநல்லூர்ல உனக்கு ஏதுலே காத்து!" டிரைவர் போட்ட சத்தம் படி முழுக்கக் கேட்டது. அன்று வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லியிருந்த இஞ்ஞாசியம்மாள் சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தாள். "அந்தப் புள்ளயோட சேந்து நீங்களும் விளையாடிட்டு இருக்கீயளா? பஸ்ஸு போயிரும்..." சொல்லிக்கொண்டே வந்தவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். பையைப் படியில் வைத்துவிட்டுக் கதவோரமாக ஒதுங்கி நின்றாள்.

ஆன்லின் பென்சிலைத் திருகிக்கொண்டிருந்தாள். "காத்து நின்னா போயிருவீங்களா?"

"போவேம்மா. வேலையாச்சுல்லா."

"எப்பத் திரும்பி?"

"ராத்திரி ஒம்பது மணிக்குக் கரைக்கு வந்துருவோம்."

"அங்க இல்ல. இங்க."

"சனிக்கிழமை."

"சில சனிக்கிழமை வரவே மாட்டீங்க."

அது உண்மை. தொம்மை அவள் பக்கம் திரும்பி, "இனிமே வரலைன்னா நீயே சொல்லு, என்ன செய்யணும்னு" என்றார்.

"அடுத்த வாரம் டோக்கன் கிடையாது. எவ்வளவு கெஞ்சினாலும்."

"சரி."

அவள் ஒரு தாளைத் திருப்பி, முழங்காலில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். நீட்டினாள். தொம்மை படித்தார். 'படகு சந்தன மாதா. ஆளு எங்க அப்பா. சனிக்கிழமை கரை திரும்பவும்.'

அதை அவர் சத்தமாகப் படிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தன் பையைத் தூக்கி, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கித் தெருவுக்குப் போனார். முக்குத் திரும்பப் போகும்போது மேலேயிருந்து குரல் வந்தது.

"அப்பா! சாப்பாட்டுப் பையை விட்டுட்டுப் போறீங்க!"

தொம்மை இப்போதும் அதே படகில்தான் இருக்கிறார். இஞ்ஞாசியம்மாள் அதே துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். சுஜின் ஆறாம் வகுப்பும் ஆன்லின் மூன்றாம் வகுப்பும் படிக்கிறார்கள். சனிக்கிழமை ராத்திரி தொம்மை தச்சநல்லூர் வந்துவிடுகிறார். ஒரு வாரம் மட்டும் வர முடியவில்லை. அன்று தூத்துக்குடியில் உண்மையாகவே காற்று அடித்துப் படகு தாமதமாகத் திரும்பியது. அடுத்த முறை கிளம்பும்போது டோக்கனுக்கு நன்றாகவே கெஞ்ச வேண்டியிருந்தது.